பழைய ஷில்லிங், பென்னி, பப்ல ஒரு பைண்ட் விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துல எழுபது வயசு தாண்டினவங்ககிட்ட விலைவாசி பத்திப் பேச்செடுத்தா, "அப்பல்லாம் பத்து ஷில்லிங் நோட்டோட பப்புக்குப் போனா ராத்திரி முழுக்கக் குடிச்சிட்டு சில்லறையோட வீட்டுக்கு வரலாம்"னு கண்டிப்பா ஒருத்தர் சொல்லுவாரு. பழைய பிரிட்டிஷ் காசு சேர்க்கிற ஆள் நான், அதனால இதைப் பத்தி என்கிட்ட கேக்கறவங்க நிறைய. அவங்க திரும்பத் திரும்பக் கேக்கறதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன்.

அந்தப் பழைய கணக்குதான் என்ன?

12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். அப்படின்னா ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஒரு பவுண்ட் எடை வெள்ளியில 240 காசு அடிச்ச காலத்துல இருந்து வந்த கணக்கு இது, ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஓடியிருக்கு. 1971 பிப்ரவரி 15-ந் தேதி இதை நிறுத்திட்டு பவுண்டுக்கு 100 புது பென்னின்னு மாத்திட்டாங்க.

நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது ஒண்ணும் புதுசா தெரியாது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, மொத்தம் 192 பைன்னு அதே வெள்ளைக்காரன் ஆட்சியில கணக்கு போட்டவங்கதானே. இதுல பாருங்க, இந்தியா 1957 ஏப்ரல் 1-ந் தேதியே நயா பைசாவுக்கு மாறிடுச்சு, இலங்கை அதுக்கும் ரொம்ப முன்னாடி 1872-லயே ரூபாய்க்கு 100 சதம்னு வெச்சுக்கிச்சு, பிரிட்டன்தான் கடைசி வரைக்கும் பழசை விடாம இருந்துச்சு. தென்னாப்பிரிக்கா 1961, ஆஸ்திரேலியா 1966, நியூசிலாந்து 1967, இவங்க எல்லாரும் மாறின பிறகுதான் தாய் நாடு மாறுச்சு.

என்னென்ன காசு புழக்கத்துல இருந்துச்சு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. சின்னதுல இருந்து போவோம்.

ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. 1937-ல இருந்து அதுல ரென்ங்கிற குட்டிக் குருவி படம் இருக்கும், அவ்ளோ சின்னக் காசுக்கு அவ்ளோ சின்னக் குருவி, அதை யோசிச்சவங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 1960 டிசம்பரோட அது போயிடுச்சு. அடுத்து அரை பென்னி, ஹேப்னின்னு சொல்லுவாங்க, பாய்மரக் கப்பல் போட்டது. அப்புறம் பென்னி. கிட்டத்தட்ட 31 மில்லிமீட்டர் அகலம், ஒன்பது கிராமுக்கு மேல எடை, பின்பக்கம் சூலாயுதத்தோட உக்காந்திருக்கிற பிரிட்டானியா, அதாவது பிரிட்டனையே ஒரு பெண்ணா காட்டற உருவம். நாலஞ்சு பென்னி இருந்தாலே சட்டைப் பை தொங்கிடும். ஆனா அந்தப் பென்னியோட அருமை எதுலன்னா, 1860-ல விக்டோரியா ராணி காலத்துல வெண்கலத்துல அடிக்க ஆரம்பிச்ச அதே அளவு காசு 1960-கள் வரைக்கும் கைமாறிக்கிட்டே இருந்துச்சு. ஒரு பையன் மிட்டாய் வாங்கிட்டு மீதி வாங்கினா அதுல விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ரெண்டு ஜார்ஜ், எலிசபெத்னு அஞ்சு தலைமுறை அரச குடும்பம் உள்ளங்கையில இருக்கும், தேஞ்சு தேஞ்சு ராணியோட முகமே வழவழன்னு ஆகிப்போன காசுகூட செல்லுபடியாகும். அந்த அனுபவம் இனிமே யாருக்கும் கிடைக்காது, அதை நினைச்சு ஏங்கறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூணு பென்னிக் காசு பித்தளை நிறம், பன்னிரண்டு பக்கம். 2017-ல வந்த இப்போதைய ஒரு பவுண்ட் காசுக்குப் பன்னிரண்டு பக்கம் வெச்சது இதைப் பாத்துதான். ஆறு பென்னிக்கு டேனர்னு பேரு, கிறிஸ்துமஸ் புட்டிங்குள்ள ஒளிச்சு வெப்பாங்களே அந்தக் காசு. ஷில்லிங்குக்கு பாப். ரெண்டு ஷில்லிங் காசு ஃப்ளோரின், அது 1849-லயே வந்துச்சு, பவுண்டுல பத்துல ஒரு பங்குன்னு அப்பவே தசம முறைக்கு முதல் படியா போட்டாங்க, முழுசா மாற நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் ஹாஃப் க்ரௌன், ரெண்டரை ஷில்லிங், பெரிய கனமான காசு, தாத்தா பேரனுக்கு ஹாஃப் க்ரௌன் குடுத்தார்னா அன்னிக்கு அவன்தான் ராஜா. அதுக்கு மேல பழுப்பு நிறப் பத்து ஷில்லிங் நோட்டு, பச்சை நிற ஒரு பவுண்ட் நோட்டு.

2/6, 19/11-னு எழுதியிருக்கே, அதை எப்படிப் படிக்கணும்?

முதல் எண் ஷில்லிங், கோட்டுக்கு அடுத்தது பென்னி. 2/6-ன்னா ரெண்டு ஷில்லிங் ஆறு பென்னி, வாயால சொல்லும்போது "டூ அண்ட் சிக்ஸ்"னு மட்டும் சொல்லுவாங்க. பென்னி இல்லாத முழு ஷில்லிங்னா 10/- இப்படி. நம்ம ஊர்ல பில்லுலயும் செக்லயும் ரூபாய்க்குப் பின்னாடி இன்னிக்கும் /- போடறோமே, அதுவும் அந்தக் கால வழக்கத்தோட மிச்சம்தான். 19/11-ங்கிறது ஒரு பவுண்டுக்கு ஒரு பென்னி கம்மி, துணிக்கடைக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விலை, இப்ப 999 ரூபாய்னு போடறாங்களே அதே வேலை.

பன்னிரண்டுலயும் இருபதுலயும் கணக்கு போடறது தலைவலியா இருந்திருக்காதா?

ஸ்கூல் பசங்களுக்குத் தலைவலிதான். 17 பவுண்ட் 13 ஷில்லிங் 7 பென்னியை 9 ஆல பெருக்குன்னு கணக்கு குடுத்தா முதல்ல பென்னியைப் பெருக்கி 12-ஆல வகுத்து மீதிய எழுதி, ஷில்லிங்கைப் பெருக்கி அதைச் சேர்த்து 20-ஆல வகுத்துன்னு போகணும். கம்பெனி கணக்குப்பிள்ளைங்களுக்கும், அப்ப வந்துகிட்டிருந்த கம்ப்யூட்டருக்கும் இது வீண் வேலை, மாத்தினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனா அதுல ஒரு வசதி இருந்துச்சு, அதைச் சொல்லாம விடறது நியாயமில்ல. 240-ஐ 3, 6, 8, 12, 15, 16-ன்னு எதால வேணா மிச்சமில்லாம பிரிக்கலாம். மூணு நண்பர்கள் ஒரு பவுண்ட் செலவைப் பங்கு போட்டா ஆளுக்கு 6/8, கச்சிதமா முடிஞ்சுது. இப்ப ஒரு பவுண்டை மூணா பிரிச்சா ஒரு பென்னி யாரோட தலையிலயோ விழும். சந்தையில டஜன் கணக்குல வாங்கறவங்களுக்கு இன்னும் சுலபம், டஜன் இத்தனை ஷில்லிங்னா ஒண்ணு அத்தனை பென்னி, யோசிக்கவே வேண்டாம்.

பப்ல நெரிசல் நேரத்துல எப்படிக் கணக்கு போட்டாங்க?

மனசுலதான். விலையெல்லாம் மாதிரிக்குச் சொல்றேன், 1960-கள் கடைசின்னு வெச்சுக்குங்க. பைண்ட்ங்கிறது அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டின அளவு, பிட்டர், மைல்ட் ரெண்டும் பீர் வகை. பிட்டர் ஒரு பைண்ட் 1/10, மூணு பைண்ட். மைல்ட் பைண்ட் 1/8, அதுல ஒரு அரை பைண்ட். சிப்ஸ் பாக்கெட் 5 பென்னி, ரெண்டு. மூணு பிட்டர் 5/6, அரை மைல்ட் 10 பென்னி சேர்த்தா 6/4, சிப்ஸுக்கு இன்னொரு 10 பென்னி, மொத்தம் 7/2. பத்து ஷில்லிங் நோட்டை நீட்டினா மீதி 2/10, அதாவது ஒரு ஹாஃப் க்ரௌன், ஒரு மூணு பென்னி, ஒரு பென்னி. பார்ல நிக்கிற அந்தம்மா பம்ப்பை இழுத்துக்கிட்டே, பக்கத்து ஆளோட பேசிக்கிட்டே இதைப் போட்டு முடிச்சுடுவாங்க, கல்லாப்பெட்டி தொகையை வெச்சுக்கத்தான், கூட்டிச் சொல்றதுக்கு இல்ல. கிளாஸை நிரப்பறதுக்குள்ள கணக்கு சொல்ற அந்தத் திறமை பெரிய திறமை, அதுக்கு யாரும் சர்டிஃபிகேட் குடுத்ததில்ல.

ஒரு பைண்ட் நிஜமாவே எவ்ளோதான் இருந்துச்சு?

ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவா 1960 பக்கம் ஒரு ஷில்லிங்குக்கு மேல சில பென்னி, 1970-ல ரெண்டு ஷில்லிங்கை ஒட்டி. ஒரே பப்புக்குள்ளயே ரெண்டு விதமான விலை உண்டு. பப்ளிக் பார்னு ஒரு பக்கம், மரத்தரை, மர பெஞ்சு, டார்ட்ஸ் போர்டு, வேலை முடிஞ்சு அழுக்குச் சட்டையோட வர்றவங்களுக்கு. சலூன் பார்னு இன்னொரு பக்கம், கார்ப்பெட், மெத்தை நாற்காலி, அதே பீப்பாயில இருந்து வர்ற அதே பீருக்கு ஒரு பென்னி ரெண்டு பென்னி கூட.

பைண்ட் விலையில ஒரு பென்னி ஏறினா இறங்கினா அது தேசிய விஷயம். 1959 பட்ஜெட்ல நிதியமைச்சர் ஹீத்கோட் ஏமரி பீர் வரியைக் குறைச்சு பைண்டுக்கு ரெண்டு பென்னி இறக்கினார், அந்த வருஷம் அக்டோபர்ல அவங்க கட்சி தேர்தல்ல ஜெயிச்சுது. பீருக்காக மட்டும் ஜெயிச்சாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா அந்த ரெண்டு பென்னி எத்தனை வீட்டுல பேசப்பட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்ப எல்லாமே மலிவுன்னு சொல்றது உண்மையா?

இதுக்கு ஆமான்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுமையா பாக்கணும்.

விலையை மட்டும் ஞாபகம் வெச்சிருக்காங்க, சம்பளத்தை விட்டுடறாங்க. 1970-ல உடலுழைப்பு வேலை செய்ற ஆண்களோட சராசரி வாரச் சம்பளம் 28 பவுண்ட் பக்கம். அப்ப ஒரு கலர் டிவி 250, 300 பவுண்ட், அதாவது பத்து வாரச் சம்பளத்தை அப்படியே கொண்டு போய்க் கொட்டணும். இப்ப ஒரு வாரச் சம்பளத்துல அதைவிட பெரிய டிவி வந்துடும். அதனால "எல்லாமே மலிவு"ங்கிறது தப்பு.

ஆனா பீர் விஷயத்துல அந்தப் பெரியவங்க சொல்றது கணக்குலயும் நிக்குது. 28 பவுண்ட்னா 560 ஷில்லிங், பைண்ட் ரெண்டு ஷில்லிங், அப்படின்னா ஒரு வாரச் சம்பளத்துக்கு 280 பைண்ட். 2024-ல முழுநேர வேலை செய்றவங்களோட இடைநிலை (மீடியன்) வாரச் சம்பளம் 728 பவுண்ட், பைண்ட் 5 பவுண்டை ஒட்டி, லண்டன்ல 6, 7-ன்னு போகுது. அஞ்சுன்னே வெச்சாலும் 145 பைண்டுதான் வருது. ரெண்டு சம்பளமும் ஒரே அளவுகோல்ல எடுத்தது இல்லதான், இருந்தாலும் இவ்ளோ பெரிய வித்தியாசம் அதால மட்டும் வந்ததா இருக்க முடியாது. வீடும் அப்படித்தான். 1970-ல சராசரி வீடு 5,000 பவுண்டுக்குக் கீழ, ஏறக்குறைய மூணு வருஷச் சம்பளம். இப்ப 2,70,000 பக்கம், ஏழு வருஷச் சம்பளம்.

ஆக சாமான் சட்டெல்லாம் மலிவாச்சு, கூடி உக்கார்ற இடமும் குடியிருக்கற இடமும் விலை ஏறிப்போச்சு. "எல்லாம் பழைய நெனப்பு"ன்னு இளசுங்க தள்ளிவிடும்போது எனக்குக் கோவம் வருது, ஏன்னா பெரியவங்க இழந்ததா சொல்றது நிஜமாவே இழந்ததுதான், அவங்க அதை ஷில்லிங் மேல ஏத்திச் சொல்றாங்க, அவ்வளவே.

பப்ல அந்தக் காசால வேற என்ன பண்ணுவாங்க?

ஷவ் ஹேப்னின்னு ஒரு விளையாட்டு. பலகையிலயோ கல்லுலயோ குறுக்குக் கோடு போட்டிருக்கும், பழைய அரை பென்னியை ஓரத்துல வெச்சு உள்ளங்கையால தட்டி ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்க வைக்கணும். நல்லா வழுக்கணும்னு காசோட ஒரு பக்கத்தைத் தேய்ச்சு வழவழப்பா வெச்சிருப்பாங்க. பழைய அரை பென்னி 1969 ஆகஸ்ட்ல செல்லாக் காசாச்சு, ஆனா அந்தப் பலகையில அது இன்னமும் செல்லுபடிதான். ஜூக் பாக்ஸ், சூதாட்ட மிஷின் இதெல்லாம் ஆறு பென்னிக் காசை விழுங்கும். வீட்டுல கேஸ் மீட்டருக்கு ஷில்லிங் போடணும், அதனால பப்ல மீதி வாங்கும்போதே "ஷில்லிங்கா குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போறவங்க உண்டு.

மாத்தின அந்த நாள்ல என்ன நடந்துச்சு?

முடிவு 1966 மார்ச் 1-ந் தேதி வந்துச்சு, ஜேம்ஸ் கலஹன் நிதியமைச்சரா இருந்து அறிவிச்சார். பத்து ஷில்லிங்கை அடிப்படை அலகா வெச்சிருந்தா சுலபமா இருந்திருக்கும், ஆஸ்திரேலியா அப்படித்தான் பண்ணுச்சு. ஆனா பவுண்டோட பேரும் மதிப்பும் உலகச் சந்தையில இருக்குன்னு அதையே வெச்சுக்கிட்டாங்க. அதனால புது பென்னி பழைய பென்னியைப் போல 2.4 மடங்கு ஆயிடுச்சு, சின்ன விலைகளுக்காக அரை புது பென்னி ஒண்ணு அடிக்க வேண்டி வந்துச்சு.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தல. 1968 ஏப்ரல்ல 5, 10 புது பென்னிக் காசு வந்துச்சு, ஷில்லிங், ஃப்ளோரின் அளவுலயே இருந்ததால ரெண்டும் கலந்தே புழங்குச்சு. 1969 அக்டோபர்ல ஏழு பக்க 50 பென்னி வந்துச்சு, 1970 நவம்பர்ல பத்து ஷில்லிங் நோட்டு போச்சு. கடைசியா வங்கிகளை பிப்ரவரி 10 புதன் சாயங்காலம் மூடி, 15 திங்கள் காலைல பத்து மணிக்குத் திறந்தாங்க, அந்த இடைவெளியில கணக்கையெல்லாம் கையால மாத்தினாங்க. பிப்ரவரி ஏன்னா வியாபாரம் மந்தமான மாசம். அந்த நேரம் பார்த்து தபால்காரங்க ஸ்ட்ரைக் வேற. ரயில் ஒரு நாள் முன்னாடியே மாறிடுச்சு, நிறைய பஸ் கம்பெனிங்க ஒரு வாரம் கழிச்சு 21-ந் தேதிதான் மாறுச்சு. மத்தபடி நாடு பயந்த அளவுக்குக் குழப்பம் வரல.

மாத்தினதாலதான் விலை ஏறிச்சாமே?

இன்னிக்கும் நிறைய பேர் அப்படித்தான் நம்பறாங்க. மிட்டாய் மாதிரி சின்னச் சாமான்ல கொஞ்சம் உண்மை இருக்கு, ஒரு பழைய பென்னி 0.42 புது பென்னி, பழைய விலையைப் புதுசா மாத்தறதுக்குப் போட்ட பட்டியல்ல அதை அரை பென்னியாக்கினாங்க, ஒன்பது பென்னி 3.75, அது 4 ஆச்சு. ஆனா அதே பட்டியல்ல 3 பென்னி 1.25-ல இருந்து 1-ஆ குறைஞ்சுது, பத்து பென்னியும் 4-ஆ இறங்குச்சு. ரெண்டு ஷில்லிங் பைண்ட் சரியா 10 புது பென்னி, அதுல ஏமாத்த வழியே இல்ல.

விலை ஏறினதுக்குக் காரணம் வேற. 1971-லயே பணவீக்கம் 9 சதவீதத்துக்கு மேல, 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் 1975-ல 24 சதவீதம். மாத்தம் நடந்த கொஞ்ச நாள்லயே இதெல்லாம் வந்ததால ஜனங்க ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. இன்னொண்ணும் இருக்கு. ஒரு சாமான் "15 பென்னி"ன்னா பழைய காதுக்கு அது ஒரு ஷில்லிங் மூணு பென்னி மாதிரி கேக்கும், மனசு சரின்னுடும், வீட்டுக்கு வந்து யோசிச்சா அது மூணு முழு ஷில்லிங்! அந்த அதிர்ச்சியை வருஷக்கணக்கா அனுபவிச்ச வயசானவங்களுக்கு ஏமாத்திட்டாங்கன்னு தோணுனது ரொம்ப இயல்பு.

ஆறு பென்னிக் காசு மட்டும் எப்படித் தப்பிச்சுது?

ஜனங்க போராடினாங்க. டேனரைக் காப்பாத்துங்கன்னு பெரிய பிரசாரம் நடந்துச்சு, அரசாங்கம் இறங்கி வந்து 2½ புது பென்னியா ஓட விட்டுது, 1980 ஜூன் வரைக்கும் இருந்துச்சு. ஷில்லிங் காசு 5 பென்னியா 1990 கடைசி வரைக்கும், ஃப்ளோரின் 10 பென்னியா 1993 வரைக்கும் பையில கிடந்துச்சு.

கினின்னா?

21 ஷில்லிங். காசு அடிக்கறது 1814-லயே நின்னுடுச்சு, ஆனா டாக்டர், வக்கீல் ஃபீஸ், நல்ல கோட்டு சூட்டு எல்லாம் 1971 வரைக்கும் கினியிலதான். பந்தயக் குதிரை ஏலத்துல டாட்டர்சால்ஸ்ங்கிற ஏலக் கம்பெனி இப்பவும் கினியிலதான் விலை கூப்பிடறாங்க.

அந்தக் கால பப் எல்லாருக்குமே அவ்ளோ நல்லாவா இருந்துச்சு?

இல்ல. விலையைப் பத்தி இவ்ளோ ஆசையா எழுதிட்டு இதை விட்டா நான் நேர்மையா எழுதினவனா இருக்க முடியாது. பர்மிங்காம் பக்கத்துல ஸ்மெதிக்ல இரும்பு வார்ப்பாலைல வேலை பாத்த பஞ்சாபிகள் கையில அதே ரெண்டு ஷில்லிங் இருந்துச்சு, ஆனா பல பப்ல சில அறைகள் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான். அங்க இந்தியத் தொழிலாளர் சங்கம் கூப்பிட்டு, அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரி 12-ந் தேதி வந்து அந்த ஊர்த் தெருவுல நடந்து பாத்தார், ஒன்பது நாள்ல அமெரிக்காவுல அவரைக் கொன்னுட்டாங்க. அதே வருஷக் கடைசியிலதான் இன உறவுச் சட்டம் வந்து பப்ல நிறம் பாத்துத் திருப்பி அனுப்பறதைத் தடை பண்ணுச்சு. இன்னிக்கு அதே வட்டாரத்துல பஞ்சாபிகள் நடத்தற தேசி பப்கள், தந்தூரி வாசனையோட, ஊர் முழுக்க வந்து சாப்பிடற இடமா இருக்கு. பொம்பளைங்களுக்கும் அப்படித்தான், லண்டன் ஃப்ளீட் தெருவுல எல் வினோன்னு ஒரு பார்ல பெண்கள் கவுண்டர்ல நின்னு ஆர்டர் பண்ணக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க, 1982-ல கோர்ட் தீர்ப்பு வந்த பிறகுதான் மாறுச்சு. மதியம் மூடிட்டு சாயங்காலம் திறக்கிற வழக்கம் வேற இங்கிலாந்துல 1988 வரைக்கும் இருந்துச்சு.

பழசுல எல்லாமே கெட்டதுன்னும் ஆகாது. 1971 மார்ச்ல, காசு மாறி ஒரு மாசத்துல, உண்மையான பீப்பாய் பீரைக் காப்பாத்தணும்னு நாலு பேர் சேர்ந்து கேம்ரா அமைப்பை ஆரம்பிச்சாங்க. அது ஜெயிச்சுதுங்கிறதுக்கு இன்னிக்கு எந்த ஊர்லயும் கை பம்ப்ல வர்ற பிட்டரே சாட்சி.

என்கிட்ட பழைய பென்னி நிறைய இருக்கு, விலை போகுமா?

பெரும்பாலும் போகாது. 1967-னு போட்ட பென்னி ஏராளமா அடிச்சிருக்காங்க, அந்த வருஷம் தாண்டியும் அதே தேதியோட அடிச்சாங்க. 1933 பென்னி மட்டும் விரல் விட்டு எண்ணற அளவுதான் இருக்கு, அது உங்க டப்பாவுல இருக்க வாய்ப்பில்ல. ஷில்லிங், ஃப்ளோரின், ஹாஃப் க்ரௌன் இருந்தா வருஷத்தைப் பாருங்க: 1920-க்கு முன்னாடின்னா 92.5 சதவீதம் வெள்ளி, 1920-ல இருந்து 1946 வரைக்கும் பாதி வெள்ளி, 1947-ல இருந்து வெள்ளியே கிடையாது. பத்து ஷில்லிங் நோட்டு இருந்தா பாங்க் ஆஃப் இங்கிலாந்து இன்னிக்கும் அதுக்கு 50 பென்னி குடுக்கும், ஆனா நல்ல நிலைமையில இருந்தா காசு வியாபாரிகிட்ட அதைவிட கூடவே கிடைக்கும். எதையும் பாலிஷ் போட்டுக் கழுவிடாதீங்க, சேர்க்கிறவங்க அதைத் தொட மாட்டாங்க.